ஃபோர்க் தோற்றால் முதலில் எண்ணிப் பாருங்கள்

சி-யில் எழுதிய என் படச்சுருக்கும் நிரல் இரவெல்லாம் ஓடி, விடிகாலையில் ஃபோர்க் (புதிய ப்ராசஸை, அதாவது ஓடும் நிரல் ஒன்றை உருவாக்கும் அழைப்பு) தோற்று, 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்' என்று நின்றது. உடனே ராம் வாங்கிவிடாதீர்கள். லினக்ஸில் இது பிழை எண் 11. பெரும்பாலும் ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பைத்தான் சொல்கிறது. மெமரி போதாவிட்டால் வருவது 12.

பாஷில் (கட்டளை தட்டும் ஷெல்) யூலிமிட் கட்டளைக்கு 'யு' ஆப்ஷன் கொடுத்து வரம்பைப் பாருங்கள். அது ஒரு நிரலுக்கானது இல்லை, அந்தப் பயனருக்கு மொத்தமாக. த்ரெட்டுகளும் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகள்) அதில் சேர்த்தி. ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) ஓட்டிச் சோதித்தால் இந்தத் தடை தெரியாது.

அப்புறம் பிஎஸ் கட்டளை தரும் ப்ராசஸ் பட்டியலில் 'இஸட்' (ஜாம்பி) நிலையில் இருப்பவற்றை எண்ணுங்கள். எனக்கு விடை அங்கேதான் கிடைத்தது. முடிந்துபோன சைல்ட் ப்ராசஸ் ஒன்றுக்குக்கூட நான் வெயிட்பிட் (அதன் முடிவைப் பெற்று, பட்டியலிலிருந்து நீங்கச் செய்யும் அழைப்பு) அழைக்கவில்லை. இப்படி முடிந்தும் நீங்காத ஜாம்பிகளும் வரம்பில் இடம் பிடிக்கும். அழைப்பைச் சேர்த்தேன், சரியானது.

ஜாம்பி இல்லையா? உங்கள் நிரல் சிஸ்டம்டி (லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் மென்பொருள்) சர்வீஸ் என்றால், அதன் டாஸ்க்ஸ்மேக்ஸ் என்ற எண்ணிக்கை வரம்பைப் பாருங்கள். யூலிமிட்டைக் கூட்டினாலும் அது தனியாக மறிக்கும்.