பாப்பா அட்டையோடு வாருங்கள்: தாய்க்கும் சேய்க்கும் போனில் நினைவூட்டுவது எப்படி?

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு. தாய் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் உட்கொண்டு, குழந்தைக்குப் பிறந்தது முதல் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப்பும் கொடுத்துவந்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் குழந்தையை 6 வாரத்திலும், பின்னர் 6, 12, 18ஆம் மாதங்களிலும் பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் வருகை அறுந்துபோகாமல் களப்பணியாளராகிய நீங்கள் பார்த்துக்கொள்ளத்தான் போன்.

எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் தாயின் எண்ணை வாங்கும்போதே, அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பல வீடுகளில் ஒரே போன்தான். கணவர் கடலுக்குப் போனால் அதுவும் படகேறிவிடும், கரையை விட்டு விலகினால் டவரும் கிடைக்காது. தாயிடமே போன் இருந்தாலும், பாசி எடுக்கப் போகிறவர் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார். ஆகவே நாளையும் நேரத்தையும் அவரே சொல்லட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், முன்பு ஒத்துவந்த நேரம் அப்போது ஒத்துவராமல் போகலாம், மறுபடியும் கேளுங்கள்.

செய்தியில் நோயின் பெயர், மாத்திரையின் பெயர், மையத்தின் பெயர் எதுவும் வரக் கூடாது. ஒருவரது தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது, பூட்டிய திரையில் எட்டிப்பார்க்கும் ஒரு வரியும் வெளியீடுதான். "அக்கா, வியாழன் காலை பாப்பா அட்டையோடு வாருங்கள்" என்பது போதும். 6 வாரப் பரிசோதனை, ஊரார் 45 நாள் ஊசி என்று சொல்லும் தடுப்பூசியை ஒட்டியே வருவதால் இந்த வரி யாருக்கும் உறுத்தாது. உங்கள் எண்ணை 'தையல் அக்கா' என்றோ வேறெப்படியோ அவர் விருப்பப்படி பதிந்துகொள்ளட்டும். படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்புதான் சரி. எடுத்தது வேறு குரலானால் தையல் கூலியைக் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.

பெரிதும் கோட்டைவிடும் இடம் தாய்வீடு. பேறுகாலத்துக்கு அங்கே போகிறவர் சில மாதம் தங்கிவிடுவார், முதல் பரிசோதனையும் அப்போதுதான் வரும். வளைகாப்புக்கு முன்பே தாய்வீட்டு ஊரையும், அவர் நம்பும் ஒருவரின் எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்குத் தாயின் ஒப்புதலோடு தகவல் சொல்லிவையுங்கள்.

நாம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அது வெறும் அலாரம். கென்யாவில் கூட்டு மருந்து உட்கொள்ளும் பெரியவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், வாரம் ஒரு முறை 'மம்போ', அதாவது 'எப்படி இருக்கிறீர்கள்' என்று மட்டும் அனுப்பினார்கள். 48 மணி நேரத்துக்குள் 'நலம்' அல்லது 'சிக்கல்' என்று பதில் வர வேண்டும். செய்தி பெற்றவர்கள் மற்றவர்களைவிட மருந்தை ஒழுங்காக உட்கொண்டார்கள். நம் ஊருக்கு மிஸ்டு கால் போதும்: ஒன்று வந்தால் நலம், இரண்டு வந்தால் நீங்கள் திருப்பி அழைக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்தும் பதில் இல்லையென்றால், அவர் முன்பே சம்மதித்திருந்தால் மட்டும், நேரில் போங்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாமல், தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு.