ஸ்பார்க் பிளக் உடையாமல் மாற்றுவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரில் ஸ்பார்க் பிளக் மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான்கு சிலிண்டர் என்ஜினில் பிளக்குகள் மேலாகவே இருந்தால், நிதானமாகச் செய்தாலும் சீக்கிரமே முடிந்துவிடும். கை தப்பினால்தான் வம்பு. பிளக்கின் பாதி, அதைத் திருப்பும் குழாய் போன்ற சாக்கெட்டோடு வரும், மீதி என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குள் நின்றுவிடும். அப்புறம் அது பிளக் வேலை இல்லை, ஹெட் வேலை.

உடைவது என்னவோ கழற்றும்போதுதான். ஆனால் பல சமயம் அந்தப் பிளக் மாட்டிய அன்றே பாழாகியிருக்கும். யாரோ முழு பலத்தையும் போட்டு இறுக்கியிருப்பார்கள், இல்லையென்றால் மரை மாறி ஏற்றியிருப்பார்கள். மாற்ற வேண்டிய கெடுவைத் தாண்டி பல ஆண்டுகள் அப்படியே விட்டாலும் இதே கதிதான். அதனால் கழற்றும்போது எவ்வளவு கவனமோ, மாட்டும்போதும் அவ்வளவு கவனம் வேண்டும்.

கழற்றும்போது

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய உடனே கை வைக்காதீர்கள். இன்றைய கார்களில் ஹெட் பெரும்பாலும் அலுமினியம், பிளக்கின் உடல் எஃகு. சூட்டில் அலுமினியத்தின் உறுதி குறையும். அந்த நேரத்தில் திருப்பினால் ஹெட்டில் உள்ள மரை உரசிப் பிய்ந்து பிளக்கோடு வந்துவிடலாம். வெறும் கையை ஹெட் மேல் நிம்மதியாக வைக்க முடிகிற வரை ஆறட்டும்.

அடுத்து, பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும், அதற்கு மின்சாரம் தரும் காயில். அதன் கனெக்டரில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு என்ஜின் சூட்டிலேயே கிடந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும். பூட்டை அழுத்திப் பிடித்து, கனெக்டரின் உடலைப் பற்றி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. காயிலின் ரப்பர் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இடமும் வலமுமாகச் சற்றுத் திருகிவிட்டு மேலே தூக்குங்கள். பழைய வண்டியில் பிளக் ஒயர்கள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவதே உத்தமம். ஒயர் இடம் மாறினால் என்ஜின் உதறும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது.

பிளக் குழியில் மண்ணும் தூசியும் சேர்ந்திருக்கும். காற்றடித்து ஊதிய பிறகே சாக்கெட்டை இறக்குங்கள். ஊதாமல் கழற்றினால் அத்தனையும் நேராக சிலிண்டருக்குள் போகும். குழியில் ஆயில் தேங்கி நின்றால் மேல் மூடியின் சீல் கசிகிறது என்று பொருள். புதுப் பிளக் போட்டால் அது சரியாகிவிடாது.

சாக்கெட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 16 மி.மீ., 21 மி.மீ. இரண்டும்தான் பரவலாக இருக்கும் அளவுகள். சில கார்களுக்கு 14 மி.மீ. பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டும். உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட்டாக இருக்கட்டும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைவதற்கு முக்கியக் காரணம் சாக்கெட் சாய்வதுதான். சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட்டின் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால், இரண்டையும் இணைக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி ஒரு பக்கமாகச் சாயும், அந்தப் பாரம் பீங்கான் மேல் இறங்கும். ஒரு கையால் ராட்செட்டின் தலையை அமுக்கி நேராக நிறுத்துங்கள், மறு கையால் சீராக அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். இம்பாக்ட் கன் பக்கமே போக வேண்டாம்.

முதலில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு விடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் லேசாகிக்கொண்டே வர வேண்டும். லேசாக வந்துகொண்டிருந்தது திடீரென்று மறுபடி இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பலர் இந்த இடத்தில்தான் பலத்தைக் காட்டி உடைக்கிறார்கள். மரையில் கார்பன் மாட்டியிருக்கும். தொடர்ந்து திருப்பினால் அது மரையை அரைத்துவிடும். கால் சுற்று திரும்ப உள்ளே விட்டு, துரு இளக்கும் ஆயிலைச் சில சொட்டு விட்டு, ஊற விடுங்கள். பிறகு கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று மாற்றி மாற்றித் திருப்பிக் கழற்றுங்கள். பொறுமையைத் தவிர இதற்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கையில் குற்றம் இல்லாமலே உடைகிற பிளக்குகளும் உண்டு. 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் வந்த 5.4 லிட்டர், சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள வி8 என்ஜின் இதற்குப் பேர்போனது. பிளக் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. நீளமான அடிப்பகுதியைச் சுற்றிக் கார்பன் இறுகிவிடும். திருப்பினால் மேல் துண்டு மட்டும் கழன்று வரும். லேசாகத் தளர்த்தி, கார்பன் கரைக்கும் திரவம் விட்டு ஊறவைத்த பிறகே கழற்ற வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனமே அறிவுறுத்தியது. உங்கள் என்ஜினுக்கு இப்படித் தனிக்குணம் ஏதாவது உண்டா என்று முன்பே விசாரித்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் உடைந்துவிட்டதா? சாவியைத் தொடாதீர்கள். ஒரு துண்டு பீங்கான் உள்ளே விழுந்திருந்தாலும், என்ஜின் சுழன்றால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். குழியில் கிடக்கும் சில்லுகளை வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, உள்ளே நிற்கும் மரைத் துண்டை எடுக்க அதற்கான கருவி உள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

மாட்டும்போது

பெட்டியில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். பிளக் தன் சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்தும் என்பதைக் காட்டுவது வெப்ப எண்; சீக்கிரம் கடத்துவது குளிர்ந்த ரகம், மெதுவாகக் கடத்துவது சூடான ரகம். இந்த எண் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு தலைகீழ். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த ரகம். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான ரகம். எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாங்கினால் ஏமாந்துபோவோம். இரிடியம் பிளக்கின் முனை ஊசி போல மெல்லியது. இடைவெளி அளக்கிறேன் என்று நாணய வடிவக் கேஜை நுழைத்து நெம்பினால் முனை முறியும். கீழே விழுந்த பிளக்கை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் மின்பொறி அந்த வழியாக ஓடிவிடும்.

முதல் சில சுற்றுகள் ராட்செட் இல்லாமல்தான். பிளக்கின் மேல்முனையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி இறக்குங்கள். முதலில் பின்பக்கமாகத் திருப்பினால், மரை மரையில் உட்காரும்போது லேசாக ஒரு துள்ளல் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருப்புங்கள். மரை மாறி ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும்.

மரையில் கிரீஸோ, ஒட்டாமல் இருப்பதற்கான பசையோ தடவும் பழக்கம் பலருக்கு உண்டு. மேல்பூச்சு உள்ள தங்கள் பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்கிறது என்ஜிகே. மரை வழுவழுப்பானால், எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போதே பிளக் அதைவிட அதிகமாக இறுகிவிடும். உடல் நீளும், உள்ளே சீல் கெடும், அடுத்த முறை கழற்றும்போது கழுத்தில் முறியும்.

வாஷர் உள்ள பிளக்கை அலுமினிய ஹெட்டில் மாட்ட, 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 என்பது பொதுவான கணக்கு. காரின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே இறுதி. டார்க் ரெஞ்ச் இல்லையா? புது வாஷரோடு வரும் 14 மி.மீ. பிளக்கை, விரலால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை திருப்பினால் போதும். வாஷர் இல்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். வாஷர் பிளக்கைப் போல நினைத்து இதை இறுக்குகிறவர்கள் நிறைய. அதற்காகப் பயந்து தளர்வாக விடவும் கூடாது. பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்காமல் முனை பழுத்துப்போகும்.

கடைசியாகக் காயிலை முழுதாக அமுக்கி, கனெக்டர் "க்ளிக்" என்று பூட்டும் சத்தம் கேட்டதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் உதறினால் புதுப் பிளக்கைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கனெக்டர்களை மறுபடி தொட்டுப் பாருங்கள்.