மேக் மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? முதலில் குழாயைப் பாருங்கள்

குழாயில் ஓடும் நீரை அளக்கும் புது மேக்னெட்டிக் ஃப்ளோ மீட்டர் (மேக் மீட்டர்) போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ரீடிங் ஆடுகிறது என்று போன் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. மாட்டிய இடம்தான் தப்பு.

இந்த மீட்டர் அளப்பது நீரின் வேகத்தை மட்டும்தான். காயில் உண்டாக்கும் காந்தப்புலத்தின் குறுக்கே நீர் ஓடும்போது சிறிதளவு மின்னழுத்தம் எழுகிறது, அதை இரண்டு எலெக்ட்ரோடுகள் பிடிக்கின்றன. அந்த வேகத்தைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கித்தான் கன மீட்டர் கணக்கு வருகிறது. குழாய் பாதிதான் நிரம்பியிருந்தாலும் முழுக் குழாய்க்கே கணக்குப் போட்டுவிடும்.

ஒரு சாய ஆலையில் இதை நேரில் பார்த்தேன். டேங்குக்குள் நீர் விழும் கடைசி இறக்கத்தில் மீட்டர் இருந்தது. பம்பால் மணிக்கு 20 கன மீட்டருக்கு மேல் தள்ளவே முடியாது, டிஸ்ப்ளேயில் 31. மீட்டரை நீர் மேலேறும் செங்குத்துக் குழாய்க்கு மாற்றினோம், அன்றைக்கே சரியாகிவிட்டது. நீர் மேல்நோக்கி ஏறும் குழாய்தான் இதற்கு மிக நல்ல இடம். லைனின் உச்சியில் வைத்தால் காற்று தங்கும். கன்ட்ரோல் வால்வு மீட்டருக்கு அடுத்து வரட்டும், முன்னால் வேண்டாம்.

படுக்கைக் குழாயில் மாட்டினால் எலெக்ட்ரோடுகள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் இருக்க வேண்டும். நடைபாதையிலிருந்து படிக்க வசதியாக இருக்கட்டும் என்று மீட்டரையே பக்கவாட்டில் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். அப்போது ஒரு எலெக்ட்ரோடு மேலே காற்றுக் குமிழியிலும் மற்றொன்று கீழே கசடிலும் போய் நிற்கும். பல மாடல்களில் டிஸ்ப்ளேயை மட்டும் தனியாகத் திருப்பலாம், அதைச் செய்யுங்கள்.

மீட்டருக்கு முன்னும் பின்னும் வளைவில்லாமல் விட வேண்டிய நேர்க்குழாய் நீளம் பலருக்கும் தெரிந்ததுதான்: பொதுவாக முன்னால் விட்டத்தைப்போல் 5 மடங்கு, பின்னால் 2 மடங்கு. மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். ஆனால் நீளம் சரியாக விட்டுவிட்டு, கத்தியால் அறுத்த கேஸ்கட்டின் விளிம்பு குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தால் என்ன பயன்? கிராஃபைட் கேஸ்கட்டும் வேண்டாம். அதன் துகள் மீட்டரின் உள்சுவர்ப் பூச்சான லைனரில் படிந்தால் சிக்னலையே ஷார்ட் செய்துவிடும்.

எர்த்திங்கைத்தான் அதிகம் மறக்கிறார்கள். 1832-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் தகடுகளை இறக்கி இதே மின்னழுத்தத்தை அளக்கப் பார்த்தார், முடியவில்லை. வேறு மின் விளைவுகள் அதை மூழ்கடித்துவிட்டன. நீருக்கு எர்த் இல்லாவிட்டால் நம் மீட்டருக்கும் அதே பாடுதான். இரும்புக் குழாய் நீரைத் தொடுவதால் ஓரளவு தப்பிக்கலாம். பிவிசி, ஹெச்டிபிஇ, ரப்பர் லைனிங் உள்ள குழாய் என்றால் நீருக்கு எர்த் தொடர்பே கிடையாது. மீட்டரின் இருபுறமும் எர்த்திங் ரிங் போடுங்கள், அல்லது எர்த்திங் எலெக்ட்ரோடு உள்ள மாடலை வாங்குங்கள்.

குழாய் 4 அங்குலம் என்பதற்காக மீட்டரும் 4 அங்குலம் வாங்க வேண்டியதில்லை. மணிக்கு 8 கன மீட்டர் ஓடினால் 100 மில்லிமீட்டர் மீட்டரில் வேகம் வினாடிக்கு 0.3 மீட்டரைக்கூடத் தொடாது. 50 மில்லிமீட்டரில் அதே நீர் 1.1 மீட்டர் வேகத்தில் ஓடும், ரீடிங் நிலையாக நிற்கும். குழாயின் அளவைக் குறைக்கும் ரெட்யூசரை நேர்க்குழாய் நீளத்துக்கு வெளியே வையுங்கள். அப்புறம், மின்கடத்தல் குறைந்த டிஎம் வாட்டருக்கு (தாது உப்புகள் நீக்கிய நீர்) மேக் மீட்டர் பெரும்பாலும் ஒத்துவராது.

கடைசியாக, மனம் பதறவைக்கும் ஒன்று. அளவு சரியாக வரட்டும் என்று மீட்டரையே ஃபிளான்ஜுகளுக்கு நடுவில் வைத்து வெல்டிங் அடிப்பார்கள். சூட்டில் லைனர் உருகும், வெல்டிங் கரன்ட் மீட்டர் வழியாகவே பாயும். அதே நீளத்தில் ஒரு குழாய்த் துண்டைச் செய்து அங்கே மாட்டுங்கள். வெல்டிங் முடிந்து, லைனை ஃபிளஷ் செய்து, துணுக்குகள் எல்லாம் வெளியேறிய பிறகு மீட்டரைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.