உலகக் கோப்பை கால்பந்து முதல் முறையாகப் பார்க்கிறீர்களா? ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்

உலகக் கோப்பை தொடங்கினால் முதல் இரண்டு வாரம் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு, அரையிறுதி நெருங்கும்போது டி.வி. முன்னால் உட்காருபவர்கள் நிறையப் பேர். அப்போது எந்த அணி எப்படி இவ்வளவு தூரம் வந்தது, அந்த நல்ல வீரர் ஏன் இன்று ஆடவில்லை என்று எதுவும் பிடிபடாது. இந்தத் தொடரின் சுவை பாதிக்கு மேல் குரூப் சுற்றில்தான் இருக்கிறது. அதை ரசிக்கப் புள்ளிக் கணக்கு தெரிந்தாக வேண்டும். கூட்டலும் கழித்தலும் போதும். ஆனால் ஆப் காட்டும் பட்டியலைப் பார்த்தால் மனதில் நிற்காது, கையால் போட்டால் நிற்கும். அதனால்தான் தாளும் பென்சிலும்.

அமைப்புக்கு 2026 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் பயிற்சிக்குப் பெரும்பாலும் 2022 கத்தார் ஆட்டங்கள்.

படி 1: அமைப்பைத் தாளின் மேல் எழுதுங்கள்

48 அணிகள், ஏ முதல் எல் வரை 12 குரூப், குரூப்புக்கு 4 அணிகள். ஒவ்வோர் அணியும் தன் குரூப்பில் உள்ள மற்ற மூன்றோடும் ஒரு முறை ஆடும். குரூப்புக்கு 6 ஆட்டம், மொத்தம் 72. முதல் இரண்டு இடம் பிடிக்கும் 24 அணிகளோடு, மூன்றாம் இடம் வந்த 12 அணிகளில் சிறந்த 8-ம் சேர்ந்து 32 அணிகள் நாக் அவுட்டுக்கு, அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுக்குப் போகும். நாக் அவுட்டில், அரையிறுதியில் தோற்றவர்கள் மூன்றாம் இடத்துக்கு மோதும் ஆட்டத்தையும் சேர்த்து 32 ஆட்டங்கள். ஆக மொத்தம் 104.

1998 முதல் 2022 வரை 32 அணிகள், 64 ஆட்டங்கள்தான். அந்தக் காலத்துக் கட்டுரைகளைப் படிக்கும்போது கவனம்: அப்போது மூன்றாம் இடம் என்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

படி 2: நேரத்தை மாற்றும்போது தேதியையும் மாற்றுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இங்கேதான். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றிலும் சேர்த்து 16 நகரங்கள். நேர மண்டலம் ஒன்றல்ல. உள்ளூர் நேரத்தோடு இவ்வளவு கூட்டினால் இந்திய நேரம் வரும்:

நியூ ஜெர்சி, பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, மயாமி, டொராண்டோ: 9 மணி 30 நிமிடம்
டல்லஸ், ஹூஸ்டன், கான்ஸஸ் சிட்டி: 10 மணி 30 நிமிடம்
மெக்ஸிகோ சிட்டி, குவாடலஹாரா, மான்டெர்ரே: 11 மணி 30 நிமிடம்
லாஸ் ஏஞ்சலிஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, சியாட்டில், வான்கூவர்: 12 மணி 30 நிமிடம்

இலங்கைக்கும் இதே கணக்குதான். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் இன்னும் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தொடக்க ஆட்டம் மெக்ஸிகோ சிட்டியில் ஜூன் 11 பகல் 1 மணி. நமக்கு அது ஜூன் 12 நள்ளிரவு 12.30. ஜூன் 12 இரவு ஆட்டம் என்று நினைத்து அன்று மாலை பாப்கார்ன் வாங்கினால், ஆட்டம் முடிந்து பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும். இறுதிப் போட்டியும் அப்படித்தான். நியூ ஜெர்சியில் ஜூலை 19 பிற்பகல் 3 மணி என்றால் நமக்கு ஜூலை 20 நள்ளிரவு 12.30. எனவே தாளில் "ஞாயிறு இரவு விழித்திருக்க வேண்டும்" என்று கிழமையோடு எழுதுங்கள்.

ஒளிபரப்பு உரிமை ஒவ்வொரு முறையும் கைமாறும். போன தடவை பார்த்த சேனலில்தான் வரும் என்று இருந்துவிடாமல், ஒரு வாரம் முன்பே பார்த்து வையுங்கள். மொபைல் ஆப்பில் பார்த்தால் படம் சில நொடி முதல் அரை நிமிடத்துக்கு மேல்கூடப் பின்தங்கி வரும். ஸ்கோர் ஆப்பின் அறிவிப்பு முந்திக்கொண்டு கோலைச் சொல்லிவிடும். ஆட்டம் தொடங்கும் முன் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட் செய்யுங்கள்.

படி 3: ஓர் அணியை விட ஒரு குரூப்பைப் பிடியுங்கள்

72 ஆட்டங்களையும் யாராலும் பார்க்க முடியாது. மெஸ்ஸிக்காக அர்ஜென்டினாவின் மூன்று ஆட்டங்களை மட்டும் பார்ப்பது ஒரு வழி. ஆனால் புதியவருக்கு எங்கள் பரிந்துரை வேறு: ஏதாவது ஒரு குரூப்பின் ஆறு ஆட்டங்களையும் முழுதாகப் பாருங்கள். இரண்டு பலமான அணிகள், ஒரு நடுத்தர அணி, முதல் முறையாகவோ பல வருடம் கழித்தோ வந்த ஓர் அணி என்று கலந்திருக்கும் குரூப் நல்லது. ஆறு ஆட்டம் முடியும்போது நான்கு அணிகளின் ஆட்டமும் உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

படி 4: புள்ளிப் பட்டியல் போடுங்கள்

வெற்றிக்கு 3, சமனுக்கு 1, தோல்விக்கு 0. அணியின் பெயருக்கு எதிரே ஆட்டம், அடித்த கோல், வாங்கிய கோல், வித்தியாசம், புள்ளி என்று ஐந்து கட்டம் போதும்.

பயிற்சிக்கு 2022-ன் இ குரூப்பை எடுங்கள். இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதல் இரண்டு சுற்று: ஸ்பெயின் 7-0 கோஸ்டா ரிகா, ஜப்பான் 2-1 ஜெர்மனி, கோஸ்டா ரிகா 1-0 ஜப்பான், ஸ்பெயின் 1-1 ஜெர்மனி. இதைக் கட்டத்தில் போட்டால் இப்படி வரும்:

ஸ்பெயின்: 2 ஆட்டம், 8-1, வித்தியாசம் +7, புள்ளி 4
ஜப்பான்: 2 ஆட்டம், 2-2, வித்தியாசம் 0, புள்ளி 3
கோஸ்டா ரிகா: 2 ஆட்டம், 1-7, வித்தியாசம் -6, புள்ளி 3
ஜெர்மனி: 2 ஆட்டம், 2-3, வித்தியாசம் -1, புள்ளி 1

டிசம்பர் 1 அன்று கடைசிச் சுற்று. ஜப்பான்-ஸ்பெயின், கோஸ்டா ரிகா-ஜெர்மனி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. பென்சிலை எடுத்து, ஒவ்வொரு கோலுக்கும் பட்டியலைத் திருத்திக்கொண்டே வாருங்கள்.

இடைவேளையில் ஸ்பெயினும் ஜெர்மனியும் தலா 1-0 முன்னிலை. அப்போதைய கணக்கு ஸ்பெயின் 7, ஜெர்மனி 4, ஜப்பான் 3, கோஸ்டா ரிகா 3. பெரிய அணிகள் இரண்டும் உள்ளே. 48-ஆவது நிமிடத்தில் டோவான், 51-ல் தனாகா அடித்ததும் ஜப்பான் 6 புள்ளியோடு முதலிடம். 70-ஆவது நிமிடத்தில் ஜெர்மனிக்கு எதிராகக் கோஸ்டா ரிகா 2-1 என்று முன்னேறியபோது ஜப்பான் 6, கோஸ்டா ரிகா 6, ஸ்பெயின் 4, ஜெர்மனி 1. ஸ்பெயின், ஜெர்மனி இரண்டுமே வெளியே! மூன்று நிமிடத்தில் ஹாவெர்ட்ஸ் சமன் செய்ய, ஸ்பெயின் மறுபடி உள்ளே வந்தது. ஜெர்மனி கடைசியில் 4-2 என்று ஜெயித்தது. ஆனாலும் 4 புள்ளியில் ஸ்பெயினோடு சமமாக நின்று, +6-க்கு எதிரே +1 என்பதால் ஊருக்குப் போனது.

ஸ்பெயினைக் காப்பாற்றியது முதல் நாள் அடித்த ஏழு கோல்கள்தான். 4-0 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி ஏன் இன்னும் வேகமாக ஓடுகிறது என்று இனி கேட்க மாட்டீர்கள்.

கடைசி இரண்டு ஆட்டங்களும் ஏன் ஒரே நேரத்தில்? 1982-ல் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை முந்தின நாளே முடித்துவிட்டிருந்தது. 1-0 என்று மேற்கு ஜெர்மனி ஜெயித்தால் இரண்டு ஐரோப்பிய அணிகளும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. 10-ஆவது நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. மீதி நேரம் முழுக்கப் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியாவுக்கு நடந்தது பெரும் அநியாயம். 1986 முதல் கடைசிச் சுற்று ஒரே நேரத்தில் நடக்கிறது. 2026-ல் அந்த நாட்கள் உள்ளூர் தேதிப்படி ஜூன் 24 முதல் 27 வரை. வேறு எதைத் தவறவிட்டாலும் இந்த நான்கு நாட்களைத் தவறவிடாதீர்கள்.

படி 5: புள்ளி சமமானால்

2022 வரை உலகக் கோப்பையில் முதலில் மொத்தக் கோல் வித்தியாசம், அடுத்து அடித்த கோல் என்று பார்த்தார்கள். 2026-ல் வரிசை மாறியிருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் ஆடும் யூரோ கோப்பையில் உள்ளது போல, சமமான அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டத்தில் யார் கை ஓங்கியது என்பதே முதலில். அதுவும் சமமானால் மொத்தக் கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல், பிறகு ஒழுங்குப் புள்ளி, கடைசியில் ஃபிஃபா தரவரிசை. பழைய வரிசையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும்.

ஒழுங்குப் புள்ளி என்பது, தவறு செய்த வீரருக்கு நடுவர் காட்டும் அட்டைகளின் கணக்கு (மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் வெளியேற்றம்): மஞ்சளுக்கு -1, இரண்டு மஞ்சளால் வந்த சிவப்புக்கு -3, நேரடிச் சிவப்புக்கு -4, மஞ்சளுக்குப் பின் நேரடிச் சிவப்பு என்றால் -5. இதெல்லாம் எங்கே தேவைப்படும் என்று நினைக்க வேண்டாம். 2018-ல் ஜப்பானும் செனகலும் புள்ளி, வித்தியாசம், அடித்த கோல் எல்லாவற்றிலும் சமம், நேருக்கு நேர் ஆட்டமும் 2-2. ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. செனகல் வெளியேறியது. உங்கள் தாளில் அட்டைக்கும் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள்.

படி 6: மூன்றாம் இடத்துக்குத் தனிப் பட்டியல்

12 மூன்றாம் இட அணிகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, புள்ளி, வித்தியாசம், அடித்த கோல் என்று வரிசைப்படுத்துங்கள். மேலே உள்ள 8 உள்ளே. இவை தமக்குள் ஆடியிராததால் நேருக்கு நேர் கணக்கு இங்கே செல்லாது.

மூன்றாம் இடம்தானே என்று அலட்சியம் வேண்டாம். 2016 யூரோவில் போர்ச்சுகல் மூன்று ஆட்டத்தையும் சமன் செய்து, மூன்றாம் இடத்தில் தப்பி, கடைசியில் கோப்பையையே வென்றது. மறுபக்கமும் உண்டு: 2024 யூரோவின் இ குரூப்பில் நான்கு அணிகளுக்கும் தலா 4 புள்ளி. உக்ரைன் நான்காம் இடம் போய் வெளியேறியது. முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் வாங்கிய 0-3 அடிதான் காரணம்.

ஓர் எச்சரிக்கை. எந்த எட்டு குரூப்பிலிருந்து மூன்றாம் இட அணிகள் வருகின்றன என்பதற்கு 495 சாத்தியங்கள் உண்டு. எந்தச் சாத்தியத்துக்கு யார் யாரோடு மோதுவார்கள் என்று ஃபிஃபா முன்கூட்டியே அட்டவணை போட்டிருக்கிறது. நாக் அவுட் அட்டவணையைத் தாளில் வரைந்தால், குரூப் சுற்று முடியும் வரை மூன்றாம் இட அணிகளுக்கான கட்டங்களைக் காலியாக விடுங்கள்.

படி 7: ஆட்டத்தில் எதைப் பார்ப்பது

45 நிமிடம் இரண்டு பாதி. கடிகாரம் நிற்காது. வீணான நேரம் ஒவ்வொரு பாதியின் முடிவிலும் சேரும். இதுதான் இஞ்சுரி டைம். 2022-ல் இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் அடிபட்டதால் முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் சேர்த்தார்கள். 90 ஆனதும் டி.வி.யை அணைத்துவிடாதீர்கள். 2026-ல் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் 3 நிமிடம் தண்ணீர் இடைவேளையும் உண்டு. பயிற்சியாளர் ஆட்டத்தை மாற்றும் இடம் அது. இடைவேளை முடிந்ததும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆஃப்சைடுதான் புதியவர்களைத் திணறடிக்கும். விதி இவ்வளவுதான்: சக வீரர் பந்தை உதைக்கும் அந்தக் கணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் தாண்டி, எதிரணியின் கடைசி ஆளுக்கு முந்தின ஆளையும் தாண்டி நின்று ஆட்டத்தில் தலையிட்டால் ஆஃப்சைடு. கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால், நடைமுறையில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பது. கை கணக்கில்லை. த்ரோ-இன், கார்னர், கோல் கிக்கிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. பந்து கிடைத்த கணத்தை அல்ல, உதைத்த கணத்தைப் பாருங்கள். பெரும்பாலான சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

2022-ல் அர்ஜென்டினா-சவுதி அரேபியா ஆட்டத்தின் முதல் பாதியைத் தேடிப் பாருங்கள். சவுதி டிஃபெண்டர்கள் தங்கள் கோலை விட்டு வெகுதூரம் முன்னே வந்து ஒரே கோடாக நின்றார்கள். மெஸ்ஸி ஒன்று, லவுதாரோ மார்ட்டினெஸ் இரண்டு என மூன்று கோல்கள் ஆஃப்சைடில் செல்லாமல் போயின. இரண்டாம் பாதியில் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்து சவுதி 2-1 என்று ஜெயித்தது. ஆஃப்சைடை ஓர் அணி ஆயுதமாக்குவது எப்படி என்று இதில் தெளிவாகத் தெரியும்.

படி 8: மஞ்சள் அட்டைகளைக் குறியுங்கள்

வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் ஆட முடியாது. சேர்ந்த மஞ்சள் எந்தச் சுற்றோடு அழியும் என்பதை அந்தந்தத் தொடரின் விதியில் பாருங்கள். 2022-ல் காலிறுதிக்குப் பிறகு அழிந்தது. அப்போது அர்ஜென்டினாவின் அகுன்யா, மொன்டியேல் இருவரும் இப்படித்தான் அரையிறுதியை இழந்தார்கள். அதே மொன்டியேல்தான் இறுதிப் போட்டியில் கோப்பையை உறுதி செய்த பெனால்டியை அடித்தார்.

படி 9: நாக் அவுட்

90 நிமிடத்தில் சமன் என்றால் 15 நிமிடம் இரண்டு பாதி எக்ஸ்ட்ரா டைம். முதலில் கோல் அடித்தவர் அத்தோடு ஜெயித்துவிடுவதில்லை, 30 நிமிடமும் ஆட வேண்டும். அப்போதும் சமன் என்றால் பெனால்டி ஷூட் அவுட். தலா ஐந்து உதை. எட்டிப்பிடிக்க முடியாத நிலை வந்தால் அதற்கு முன்பே முடியும். ஐந்திலும் சமன் என்றால் ஒருவர் மாற்றி ஒருவர்.

தாளில் 2022 இறுதிப் போட்டியை அர்ஜென்டினா 3-3 பிரான்ஸ், பெனால்டி 4-2 என்று எழுத வேண்டும், 7-5 என்று கூட்டக் கூடாது. ஷூட் அவுட் கோல்கள் வீரரின் கணக்கிலும் சேராது. பிரான்ஸின் எம்பாப்பே அன்று ஷூட் அவுட்டையும் சேர்த்து மூன்று முறை பெனால்டி உதைத்து மூன்றையும் அடித்தார். ஆட்ட நேரத்தில் அடித்த இரண்டு மட்டுமே அவர் கணக்கில் சேர்ந்தன. தொடரில் மொத்தம் 8 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்கு, 7 கோலோடு மெஸ்ஸி அடுத்த இடம்.