உயரமும் எடையும் கூடுதலாக உள்ளவர்கள் மவுண்டன் பைக் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் உயரம் 193 செ.மீ., எடை 112 கிலோ. முதல் மவுண்டன் பைக் (மலைப்பாதைக்கான சைக்கிள்) வாங்கப் போனபோது கடைக்காரர் லார்ஜ் அளவு ஃபிரேம் ஒன்றைக் காட்டி, "சீட்டை ஏத்திக்கலாம் சார், சரியாப் போயிடும்" என்றார். சீட் ஏறியது, ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது மாதம் முதுகு வலித்தது. நான்காவது மாதம் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

முதுகு வலித்தது உயரத்தால், கம்பி அறுந்தது எடையால். இரண்டும் தனித்தனிப் பிரச்சினை என்று எனக்குப் புரியவே ரொம்ப நாளானது. உயரத்துக்குத் தீர்வு ஃபிரேமில் இருக்கிறது. எடைக்குத் தீர்வு சக்கரத்திலும் பிரேக்கிலும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலும் இருக்கிறது. பெரிய ஃபிரேம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

படி 1: கால் அளவை எடுங்கள்

செருப்பில்லாமல் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் உள்ளதுதான் உங்கள் உள்கால் அளவு. அதை 0.88-ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் (இரண்டு பெடல் கைகளும் ஃபிரேமில் சேரும் இடம்) நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய கிடைக்கும். எனக்கு 92 செ.மீ., அதனால் சீட் உயரம் 81 செ.மீ. இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

படி 2: ஃபிரேமின் அளவுப் பட்டியலைப் படியுங்கள்

எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்ற ஒட்டுப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் எக்ஸ்எல் இன்னொன்றின் லார்ஜ் அளவுக்கே இருக்கலாம். பட்டியலில் நான்கு எண்களைத் தேடுங்கள்.

முதலாவது ரீச். பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை வரை உள்ள கிடைமட்ட நீளம் இது. நின்றுகொண்டு ஓட்டும்போது பைக்குக்குள் உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இது சொல்லும். 190 செ.மீ. தாண்டியவர்கள் இப்போதைய டிரெயில் (காட்டுப்பாதை) பைக்குகளில் 490 முதல் 520 மி.மீ. வரை பார்க்கலாம்.

இரண்டாவது ஸ்டாக், அதாவது பெடல் அச்சிலிருந்து அதே முனை வரை உள்ள செங்குத்து உயரம். 640 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது. கொஞ்சம் குறைந்தால் 35 முதல் 50 மி.மீ. வரை மேலே வளைந்த ஹேண்டில்பார் போட்டு ஈடுகட்டலாம். ரீச் குறைந்தால் அப்படிச் செய்ய முடியாது. நீளமான ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டு) போட்டுப் பார்த்தேன், இறக்கத்தில் பைக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மூன்றாவது சீட் குழாயின் சாய்வு. உயரமானவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், சீட்டை ஏற்ற ஏற்ற அது பின்னாலும் போகும். 81 செ.மீ. உயரத்தில் 73 டிகிரிக்கும் 77 டிகிரிக்கும் நடுவே ஐந்து செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வருகிறது. 73 டிகிரியில் உங்கள் எடை பின்சக்கரத்தின் தலையில் போய் உட்காரும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். 76 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள்.

நான்காவது செயின்ஸ்டே, பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை உள்ள தூரம். பல நிறுவனங்கள் எல்லா அளவு ஃபிரேமுக்கும் ஒரே நீளத்தை வைக்கின்றன. அளவுக்கு ஏற்ப இதையும் நீட்டும் நிறுவனம் கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். எக்ஸ்எல் ஃபிரேமில் 440 முதல் 450 மி.மீ. இருந்தால் எடை இரண்டு சக்கரத்துக்கும் ஓரளவு சமமாகப் பிரியும்.

சக்கர அளவில் யோசிக்க ஒன்றுமில்லை, 29 அங்குலம்தான்.

படி 3: எடை வரம்பைக் கேளுங்கள்

கையேட்டில் பைக்கின் எடை வரம்பு இருக்கும். பல பைக்குகளில் அது 120 முதல் 136 கிலோவுக்குள் வரும். அது ஓட்டுபவரின் எடை மட்டுமா, பைக்கும் பையும் சேர்த்தா என்று கவனமாகப் படியுங்கள். என் எடை 112, பைக் 15, தண்ணீரும் பையும் 4, ஆக மொத்தம் 131 கிலோ. 120 கிலோ மொத்த வரம்புள்ள பைக் எனக்கு ஆகாது. சக்கரத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் தனி வரம்பு இருக்கலாம், அதையும் கேளுங்கள். கார்பனா அலுமினியமா என்ற கேள்வியை விட இது முக்கியம்.

படி 4: சக்கரத்தைப் பாருங்கள்

சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி சற்றுத் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. எடை கூடினால் இந்தத் தளர்வும் கூடும். கம்பிகள் ஏற்கெனவே சரியாக முறுக்கப்படாமல் இருந்தால், ஹப்புக்கு (சக்கரத்தின் நடு உருளை) பக்கத்தில் வளையும் இடத்தில் களைத்துப்போய் அறுந்துவிடும். எடையில் பெரும்பங்கு பின்னால்தான் விழுகிறது, அதனால் பின்சக்கரம்தான் முதலில் போகும்.

எனவே பின்சக்கரத்தில் 32 கம்பிகள் கட்டாயம் வேண்டும். எடை குறைக்கிறோம் என்று 24 அல்லது 28 கம்பிகளோடு வரும் சக்கரத்தைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் 148 மி.மீ. அகல ஹப்பும் அதை ஊடுருவி ஃபிரேமில் திருகப்படும் 12 மி.மீ. துரூ ஆக்ஸிலும் இருந்தால் இன்னும் உறுதி. நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சான பழைய முறை குயிக் ரிலீஸ் நம் எடைக்கு நெளிகிறது.

ஒரே ஒரு பாகத்துக்குக் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால், தேர்ந்த மெக்கானிக் கையால் கட்டிய பின்சக்கரத்துக்குச் செய்யுங்கள். நான் அப்படி ஒன்று போட்ட பிறகு இன்றுவரை ஒரு கம்பிகூட அறுந்ததில்லை.

டயர் 2.4 முதல் 2.6 அங்குல அகலம், பக்கச்சுவர் தடித்ததாக எடுங்கள். டியூப்லெஸ் ஆக்கிவிட்டால் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும் தொல்லை இல்லை. நான் முன்னால் 26, பின்னால் 30 பிஎஸ்ஐ வைக்கிறேன்.

படி 5: பிரேக்

75 கிலோ ஆளும் நானும் ஆளுக்கொரு 15 கிலோ பைக்கில், ஒரே வேகத்தில் இறங்குகிறோம் என்று வையுங்கள். நிற்பதற்கு என் பிரேக் சுமார் 40 சதவீதம் அதிக வெப்பத்தைத் தாங்க வேண்டும். அதனால் ஹைட்ராலிக் டிஸ்க், முடிந்தால் நான்கு பிஸ்டன், முன்னால் 200 அல்லது 203 மி.மீ. தட்டு, பின்னால் குறைந்தது 180. பெரிய தட்டு மாற்றும் முன் ஃபோர்க்கும் ஃபிரேமும் அதை ஏற்குமா என்று பாருங்கள்.

படி 6: ஃபோர்க்

காற்று ஃபோர்க் எடுங்கள். ஆரம்பநிலை பைக்குகளில் வரும் சுருள்வில் ஃபோர்க் நடுத்தர எடைக்கு வடிவமைத்தது. அதன் மேலுள்ள குமிழைத் திருகினால் வில் கெட்டியாகாது, முன்கூட்டியே சற்று அமுக்கப்படும், அவ்வளவுதான். காற்று ஃபோர்க்கில் நம் எடைக்கு ஏற்ப அழுத்தத்தை ஏற்றலாம். பைக் மேல் ஏறி நிற்கும்போது மொத்த அசைவில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. 120 மி.மீ. ஃபோர்க்கில் அது 24 மி.மீ. உள்குழாய் 34 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனாக இருக்கட்டும்.

பின்னாலும் சஸ்பென்ஷன் வேண்டுமா? முதல் பைக்குக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தைச் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். வாங்கியே தீருவது என்றால், ஷாக்கின் (பின் சஸ்பென்ஷனின் காற்று உருளை) உச்ச அழுத்த வரம்புக்குள் உங்கள் எடை அடங்குகிறதா என்று கடையிலேயே காற்றடித்துச் சோதியுங்கள்.

படி 7: வாங்கும் நாளும் அதற்குப் பிறகும்

உங்கள் சீட் உயரத்துக்கு ஏற்றி, சீட் போஸ்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு குழாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால் நீளமான போஸ்ட் கேளுங்கள். அப்படியே ஓட்டினால் ஃபிரேமே விரிசல் விடலாம். ஏற்றம் ஏற, முன்னால் உள்ள பல்சக்கரத்தில் 30 பல் போதும், 28 இன்னும் சுகம்.

முதல் சில சவாரிகள் முடிந்ததும் சக்கரத்தை மெக்கானிக்கிடம் கொண்டுபோய், கோட்டம் எடுத்து, கம்பிகளின் இறுக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். புதுக் கம்பிகள் தம் இடத்தில் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

அப்புறம், ஃபோர்க்கிலிருந்து ஸ்டெம்முக்குப் போகும் குழாயை யாரும் வெட்ட விடாதீர்கள். வெட்டினால் ஸ்டெம்மை மறுபடி உயர்த்த வழியே இருக்காது. அந்தக் குழாயில் மாட்டிய உயர வளையங்கள் எல்லாம் ஸ்டெம்முக்குக் கீழேயே இருக்கட்டும். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, உயரம் பிடிபட்ட பிறகு அதைப் பற்றி முடிவு செய்யலாம்.