அப்பா சொத்தில் பங்கு கேட்கப் போகிறீர்களா? வக்கீலைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள்

சொத்துத் தகராறு என்று மதுரைக் கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கதையோடு வருகிறார்கள், காகிதத்தோடு வருவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் சித்தப்பா என்ன பேசினார் என்பது மனப்பாடமாக இருக்கும். சர்வே எண் கேட்டால் "அது வீட்டில இருக்கு சார்" என்பார்கள். இந்தப் பதிவு அப்படிப்பட்டவர்களுக்காக. இதில் வரும் பங்குக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கு வேறு. காகிதம் சேர்க்கிற வேலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் படி: வம்சாவளி எழுதுங்கள்

ஒரு முழுத்தாளில் தாத்தாவில் தொடங்கி எல்லோர் பெயரையும் எழுதுங்கள். இறந்தவர்கள் பக்கத்தில் இறந்த தேதி, உயில் உண்டா இல்லையா என்பதையும் குறியுங்கள். கட்டிக்கொடுத்த அத்தையையும் அக்காவையும் விட்டுவிட வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கில் பங்குதாரர் ஒருவர் விடுபட்டாலே எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ஒவ்வொரு சொத்தும் எப்படி வந்தது என்று எழுதுங்கள். மொத்த வழக்கும் இதில்தான் நிற்கிறது. தாத்தா வழி வந்ததெல்லாம் பூர்வீகம், பேரன் பேத்திக்குப் பிறப்புரிமை உண்டு என்று ஊரில் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1956 ஜூன் 17. தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை உயில் எழுதாமல் விட்டு, அந்தத் தேதிக்குப் பிறகு இறந்திருந்தால், அதில் அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச்சொத்து. உச்ச நீதிமன்றம் 1986-லேயே இதைச் சொல்லிவிட்டது. அந்தப் பங்கை அப்பா யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

மேலூர்ப் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் சமீபத்தில் காலமானார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள். அப்பாவின் தனிச்சொத்து என்றால் நால்வருக்கும் கால் கால் பங்கு. பாட்டி, அதாவது அப்பாவைப் பெற்றவர், உயிரோடு இருந்தால் அவரும் சேர்ந்து ஐந்து பங்கு. பாட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதே நிலம் அப்பா கையில் பூர்வீகச் சொத்தாகவே இருந்தது என்றால் கணக்கு மாறும். முதலில் அப்பா, மூன்று பிள்ளைகள் என்று நான்காகப் பிரியும். பிறகு அப்பாவின் கால் பங்கு அம்மா, மூன்று பிள்ளைகள் என்று மறுபடி நான்காகப் பிரியும். முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினாறில் ஐந்து, அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று. ஒரே நிலம்தான், அம்மாவின் கால் பங்கு வீசமாகிவிட்டது. அதனால் அம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வக்கீல் கேட்கத்தான் செய்வார்.

மகள்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லும் மத்தியச் சட்டத் திருத்தம் 2005-லும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை கொடுத்தன. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலம் பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது.

இரண்டாம் படி: காகிதம்

தாய்ப்பத்திரம், அதாவது சொத்து முதலில் கைக்கு வந்த மூலப் பத்திரம், கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பழைய ஆண்டுகளுக்கு நேரில் மனுப் போட வேண்டும். அண்ணன் சத்தமில்லாமல் செட்டில்மெண்ட் (சொத்தைக் குடும்பத்தில் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதியிருந்தால் இதில்தான் தெரியும். பதியாத உயிலும் வாய்மொழிப் பாகமும் இதில் வராது.

பட்டா, சிட்டா, புலப்படம் எடுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் காலத்தில் குடும்பத்து மூத்தவர் பெயரிலேயே பட்டா விழுந்த வீடுகள் ஏராளம். பட்டா மட்டும் இருந்தால் உரிமை வந்துவிடாது. கிஸ்தி ரசீது, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு விண்ணப்பிக்கலாம். வாரிசுகள் யார் யார் என்றுதான் அது சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

உயில் என்று யாராவது ஒன்றை நீட்டினால் பதறாமல் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க முடியும். பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான்.

கீழமாசி வீதியில் கடை ஏதும் இருந்தால் கட்டடத்தையும் வியாபாரத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். வியாபாரம் கூட்டு நிறுவனமாக இருந்தால் கூட்டு ஒப்பந்தம், அது பதிவானதா என்ற விவரம் வேண்டும். பதியாத நிறுவனத்தின் கூட்டாளி ஒப்பந்தத்தைக் காட்டிப் பங்கு கேட்பது சிரமம், நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கக் கேட்கலாம்.

மூன்றாம் படி: கோபத்தில் நோட்டீஸ் விடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சொத்தைக் கூட்டாக அனுபவித்து வருகிறவர் பாகம் கேட்டால் கோர்ட் கட்டணம் ஒரு நிலையான சிறு தொகை. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும். வெளியேற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டு காலவரம்பும் ஓடத் தொடங்கும். "என்னை எப்போதோ துரத்திவிட்டார்கள்" என்று நீங்களே பதிவுத் தபாலில் எழுதிவிட்டால், அதே வரி குறுக்கு விசாரணையில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். நோட்டீஸை வக்கீல் எழுதட்டும்.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) ஏதும் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதை ரத்து செய்யக் கேட்க, மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான்.

நான்காம் படி: கோர்ட்

"நேரா ஹைகோர்ட்டில் போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2004-ல் உலகனேரியில் திறந்த மதுரைக் கிளையில் பாகப்பிரிவினை வழக்கை நேரடியாகத் தாக்கல் செய்ய முடியாது. அங்கே மேல்முறையீடு, சீராய்வு மாதிரிதான் போகும். நிலம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறதோ, அந்த எல்லைக்குரிய சிவில் கோர்ட்டில்தான் பிராது, அதாவது வழக்கு மனு, போட வேண்டும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று அது மாறும். வக்கீலுக்கு வசதியில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

பிராதில் குடும்பச் சொத்து எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். எட்டு சென்ட் மனைதானே என்று ஒன்றை விட்டால் பகுதிப் பாகம், அதாவது சொத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் பாகம் கேட்கிறீர்கள் என்ற ஆட்சேபம் வரும். வக்கீலிடம் நகல்களைக் கொடுங்கள். அசல் கொடுக்க நேர்ந்தால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குக்கு நம்பர் ஆனதும் பதினாறு எழுத்து, எண் கொண்ட சிஎன்ஆர் எண்ணை, அதாவது வழக்கின் தனி அடையாள எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம், குமாஸ்தாவுக்குப் போன் போட வேண்டியதில்லை.

அப்புறம், ஜெயித்துவிட்டோம் என்று பலர் வீட்டுக்குப் போய்விடும் இடம் ஒன்று உண்டு. முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. யாருக்கு எத்தனை பங்கு என்பதோடு அது நின்றுவிடும். நிலத்தில் எந்தப் பக்கம் உங்களுக்கு என்று அதில் இருக்காது. இறுதித் தீர்ப்பாணைக்கான நடவடிக்கை தொடர்ந்து, வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளந்து, அந்த அறிக்கையைக் கோர்ட் ஏற்று, தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய பிறகுதான் உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா கேட்டு மனுப் போகலாம்.