எண்ணத் தெரியும், ஆனால் எத்தனை?

கேரள-தமிழக எல்லையில் இருக்கும் எங்கள் மீனாட்சிபுரம் பக்கம் பல பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். இரண்டிலும் பத்து வரை மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் ஐந்து புளியங்கொட்டையை எண்ணச் சொல்லி, "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பலருக்கு நான்கு வயதை ஒட்டித்தான் பிடிபடும். அதற்காகத் திட்டாதீர்கள், பாவம்.

இப்படி விளையாடுங்கள். திண்ணையில் சாக்பீஸால் நேர்கோட்டில் 10 கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுங்கள். வெள்ளை விழுந்தால் ஒன்று, கறுப்பு விழுந்தால் இரண்டு. காய் 4இல் இருக்கும்போது கறுப்பு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தவே கூடாது. "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லித்தான் நகர்த்த வேண்டும். விஷயமே இதில்தான் இருக்கிறது. எங்கே நிற்கிறோம், இன்னும் எத்தனை போகணும் என்று இரண்டையும் பிள்ளை மனதில் பிடித்துக்கொள்ள வேண்டும்; சட்டென்று வாயில் வரும் "ஒன்று" என்பதை அடக்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழைக் குடும்பப் பிள்ளைகளை இப்படிப்பட்ட எண் பலகையில் விளையாடவைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டத்திலேயே எண்ணறிவு கூடியது. வண்ணக் கட்டம் மட்டும் உள்ள பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

அப்புறம், தவழும் பிள்ளை வீட்டில் இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து வையுங்கள், வாயில் போட்டுக்கொள்ளும்.